கேபிள் கார் பார்க்கப் போன அண்ணி

சான் பிரான்சிஸ்கோவின் பவல் தெரு முனையில், வட்டமான மரத்தளத்தின் மேல் நின்ற கேபிள் காரை இரண்டு பேர் தோள் கொடுத்துத் தள்ளித் திருப்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் படம் எடுத்தார்கள். அண்ணி மட்டும் குனிந்து வண்டியின் அடியில் பார்த்தார். "என்னங்க, இதுல இன்ஜினே இல்லைங்க!"

அது 1997. அண்ணனுக்குக் குபெர்டினோவில் வேலை. நானும் வேலைக்கு வந்த புதிதில் அவர்களுடன்தான் இருந்தேன். அண்ணி கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் மெக்கானிக்கல் இன்ஜினியராக இருந்தவர். கணவரைச் சார்ந்து வந்த டிபெண்டன்ட் விசா என்பதால் இங்கே வேலைக்குப் போக முடியாது. இரண்டு வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்து சலித்துப்போய், ஊருக்கே திரும்பிவிடுவதென்று முடிவெடுத்திருந்தார். அடுத்த வாரம் விமானம். அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. போவதற்குள் இதையாவது காட்டிவிடலாம் என்றுதான் அண்ணன் அழைத்து வந்தார்.

வண்டியில் அண்ணி உட்காரவே இல்லை. தெருவுக்கு அடியில் எஃகுக் கயிறு ஒன்று ஓயாமல் ஓடுகிறது. நடுவில் நிற்பவர் நெம்புகோலை இழுத்தால் வண்டி அந்தக் கயிற்றைக் கவ்விக்கொண்டு மேடேறும். விட்டால் தன் போக்கில் உருளும். குதிரைகள் வழுக்கி விழுந்த மேடுகளுக்காக நூறு வருடத்துக்கு முன்பே யோசித்த ஏற்பாடு. நெம்புகோல் பிடித்தவரின் கைகளையே அண்ணி பார்த்துக்கொண்டு வந்தார்.

வழியில் இறங்கி, கயிற்றை இழுக்கும் ராட்சதச் சக்கரங்கள் சுழலும் கூடத்தையும் பார்க்கப் போனோம். அங்கே அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். "போலாமா? ஃப்ரீவேல டிராஃபிக் ஆயிடும்." அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே நின்ற தொழிலாளியிடம் ஆங்கிலத்தில் கத்திக் கேட்டார்: கயிறு நாளாக ஆக நீளுமே, தொய்வை எப்படி எடுக்கிறீர்கள்? அவர் நிமிர்ந்து பார்த்தார். பின்னுக்கு நகர்ந்து கயிற்றை இழுத்துப் பிடிக்கும் சக்கரத்தைக் காட்டிவிட்டு, "நீங்கள் இன்ஜினியரா?" என்றார்.

அண்ணி கம்பியின் மேல் இன்னும் சாய்ந்தார். "ஆமாம்" என்றார்.

காரில் வீடு திரும்பினோம். வழியில் அண்ணி, "டிக்கெட்ட கேன்சல் பண்ணிருங்க. நான் இங்கயே எம்.எஸ். அப்ளை பண்றேன்" என்றார். அண்ணன் சாலையோரம் காரை நிறுத்தினார். அண்ணன் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அண்ணி படித்தார், சொந்தமாக வேலை விசா வாங்கி லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனியில் சேர்ந்தார். 2001இல் அண்ணனுக்கு வேலை போனபோது அவரைப் போலவே வேலையும் அதோடு விசாவும் போன நண்பர்களெல்லாம் ஊருக்கு மூட்டை கட்டினார்கள். அண்ணன் கட்டவில்லை. "எனக்கென்னடா, நான் உங்க அண்ணியோட டிபெண்டன்ட்" என்று, கேட்டவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.