எட்டாவது வண்டி

மகளின் கல்யாண ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டு நான் மனு கொடுத்தபோது, ஸ்டேஷனில் இருந்த எஸ்.ஐ. அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். குதிரை உண்டா, செண்டை மேளம் உண்டா, வெடி உண்டா என்று கேட்டார். ஒன்றும் கிடையாது, எட்டு கார் மட்டும்தான் என்றேன். எட்டு கார் ரோட்டில் போவதற்கு மனு எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. வண்டி நம்பர், ஓட்டுகிறவர்களின் லைசென்ஸ் நம்பர், தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலம் என்று பாதை, எல்லாம் எழுதியிருந்தேன். ஹாரன் அடிக்க மாட்டோம், வழியில் எங்கும் நிறுத்த மாட்டோம், போலீஸ் நிறுத்தினால் நிற்போம் என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தேன். "வெளிநாட்டுல இருந்து வந்திருக்கியளோ?" என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே சீல் வைத்துக் கொடுத்தார்.

அவர் சிரித்ததில் தப்பில்லை. எங்கள் பக்கம் இந்தப் பழக்கமே கிடையாது. அரபிகளின் கல்யாணத்தில் மணப்பெண்ணின் காரை அலங்கரித்து முன்னால் விடுவார்கள். பின்னால் சொந்தக்காரர்களின் கார்கள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டே போகும். வாலிபர்கள் ஜன்னலில் ஏறி உட்கார்ந்து கத்துவார்கள், பெண்கள் உள்ளிருந்து குலவையிடுவார்கள். சவுதியில் பத்து வருடம் வீட்டு டிரைவராக இருந்தபோது இதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். பிறகு எனக்குப் பழக்கமான ஓர் அரபி ஜெர்மனியில் வாடகைக் கார் கம்பெனி தொடங்கியபோது நானும் அவரோடு போனேன். அங்கே குடியேறிய அரபுக் குடும்பங்களுக்குக் கல்யாணத்துக்குக் கார் கொடுப்பதுதான் எங்களுக்கு முக்கிய வேலை.

அந்த ஊரில் இந்தக் கூத்தெல்லாம் செல்லாது. ஆபத்துக்குத் தவிர ஹாரன் அடிக்கக் கூடாது, ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டக் கூடாது, ரோட்டை மறிக்கக் கூடாது, வரிசை அறுந்தாலும் சிவப்பு விளக்கென்றால் நிற்க வேண்டும். கிளம்புவதற்கு முன் டிரைவர்களைக் கூட்டி இதையெல்லாம் சொல்வது என் வேலை. பெண் வீட்டாருக்கு முகம் தொங்கிப் போகும். குலவையிடுங்கள், அதற்குத் தடை இல்லை என்று அவர்களைத் தேற்றுவேன். ஒரு தடவை வரிசை அறுந்துவிடக் கூடாதென்று கல்யாண வீட்டார் உசுப்பேற்றியதில், என்னோடு வேலை பார்த்த சிரியாக்காரர் ஒருவர் சிவப்பில் வண்டியை விட்டார். லைசென்ஸ் போயிற்று, வேலையும் போயிற்று. அந்தக் கல்யாண வீட்டார் பிறகு அவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் எனக்கு ரோட்டில் எதைக் கண்டாலும் கால் பிரேக்குக்குத்தான் போகும்.

அங்கே ஒரு கல்யாணத்தில் பெண்ணின் வாப்பாவே அவள் காரை ஓட்டி வந்தார். மண்டபத்து வாசலில் இறங்கி, கதவைத் திறந்து, மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். நான் பின்னால் நின்ற வண்டியில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அழுதேன். என் மகளுக்கு அப்போது பதினாறு வயது. அவளோடு நான் இருந்த நாட்களை எல்லாம் கூட்டினால் இரண்டு வருடம் தேறாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தது, காலேஜ் ஃபீஸுக்கு வரிசையில் நின்றது, எல்லாம் என் தம்பி. தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். அவளுக்கு அவன் சாச்சா. நான் ஃபோனில் வருகிற வாப்பா. அவள் காரை நான் ஓட்டிப்போய் என் கையால் கொடுக்க வேண்டும், அந்த ஒன்றையாவது நான் செய்ய வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

கல்யாணம் சீசன் நேரத்தில் அமைந்தது. காலையில் தென்காசியில் நிக்காஹ். மாலையில் குற்றாலத்து மண்டபத்தில் பெண்ணைக் கைபிடித்துக் கொடுப்பது, விருந்து. இரண்டு நாளைக்கு முன் என் மனைவி தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னாள். சம்பந்தி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வந்தால் நாலுபேர் பார்க்க நன்றாக இருக்காது என்று மாப்பிள்ளை வீட்டில் நினைக்கிறார்களாம். பெண்ணின் காரை மாப்பிள்ளையின் மச்சான் ஓட்டட்டும் என்றார்களாம். மகள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவளும் சரி என்றுவிட்டாள் என்றாள் மனைவி. பத்தொன்பது வருடம் அந்தச் சீட்டில் உட்கார்ந்துதான் அவளைப் படிக்க வைத்தேன். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும், வாசலில் கைபிடித்துக் கொடுப்பது என்னைத் தவிர யார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

எட்டாவது வண்டியை நானே எடுத்துக்கொண்டேன். ஊர்வலத்தில் கடைசி வண்டிக்கு நிதானமான ஆள் வேண்டும். முன்னால் போகிறவர்கள் என்ன கோளாறு செய்தாலும் பின்னால் இருப்பவனுக்குத் தெரியும். ஏழாவதைத் தம்பி ஓட்டினான். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து, கிளம்புமுன் மற்ற ஏழு பேரையும் நிறுத்தி, ஜெர்மனியில் சொன்னதையே சொன்னேன். கைகட்டிக் கேட்டுக்கொண்டார்கள். தெரு முக்குத் திரும்பியதுமே முதல் கார் ஹாரன் அடிக்கத் தொடங்கியது.

சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. சனிக்கிழமைக் கூட்டம் முழுக்கக் குற்றாலத்துக்குத்தான் போனது. மேலகரம் தாண்டுவதற்குள் ஒரு சுற்றுலா பஸ் திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டது. அதற்கு முன்னாலேயே ஆறு கார்கள் போய்விட்டன. அங்கே நின்ற போலீஸ்காரர் கைகாட்டி எங்கள் இரண்டு வண்டிகளையும் நிறுத்தினார். தம்பி ஒரு நிமிஷம்தான் நின்றான். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் வலது பக்கமாக ஏறி, எதிரே வந்த வேனை ஒதுங்க வைத்து, ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டான். உடனே ஃபோன் செய்து, "அண்ணே, நீயும் பின்னாலயே வந்துரு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ," என்றான்.

என் வண்டியில் லாத்தா இருந்தாள், சீர்த் தட்டுகளும் இருந்தன. லாத்தா என்றால் என் கூடப்பிறந்த அக்காள், கோபக்காரி. "ஏலே, அவன் போயிட்டான். நீயும் திருப்புலே. ஒம் மவ கல்யாணம்லா," என்று என் தோளைப் போட்டு உலுக்கினாள். வழி இருந்தது. ஒரு வண்டி தாராளமாகப் போகலாம். கியரில் கை வைத்தேன். கால் பிரேக்கை விட்டு எழும்பவில்லை. போலீஸ் நிறுத்தினால் நிற்போம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று லாத்தாவிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பஸ்ஸைத் திருப்புவதற்குள் எனக்குப் பின்னால் கேரளா வண்டிகள் நெடுக அடைத்துக்கொண்டன. அதற்கப்புறம் நானே நினைத்தாலும் நகர முடியாது. முன்னால் போனவர்களும் எனக்காக நிற்கவில்லை. நிறுத்த மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தவனும் நான்தானே.

முக்கால் மணி நேரம் கழித்து மனைவி ஃபோன் செய்தாள். "பொழுதடைஞ்சு மஃரிபு பாங்கு சொல்றதுக்கு முன்னால பிள்ளைய உள்ள கூட்டிறணும்னு மாப்பிள்ள வீட்டுக்காரவிய வாசல்லயே நிக்காவ. மழையில அவ நனையுறா. நீங்க எங்கன நிக்கிய?"

நின்ற இடத்தைச் சொன்னேன். தம்பி அங்கே இருக்கிறானா என்று கேட்டேன். இருக்கிறான் என்றாள். அப்படியென்றால் அவனையே கைபிடித்துக் கொடுக்கச் சொல் என்றேன். வாப்பா இல்லாத இடத்தில் சாச்சா கொடுப்பதில் குற்றமில்லை, நிக்காஹையே பெண்ணின் சார்பில் ஒரு பொறுப்பாளர் வைத்து நடத்துகிறோம், இதில் என்ன என்று நானே விளக்கமும் சொன்னேன். அவள் ஃபோனை வைத்த பிறகும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். லாத்தா பின் சீட்டில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் மண்டபம் போய்ச் சேர்ந்தபோது பாங்கு சொல்லி, தொழுகையும் முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில் தம்பி நின்றிருந்தான். நனைந்த சட்டை, சிவந்த கண்கள். என்னைக் கண்டதும் தப்பு செய்தவன் போலத் தலையைக் குனிந்துகொண்டான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மட்டும் சொன்னான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமை வந்தது. உண்மையை எழுதுவதென்றால் அதைத்தான் எழுத வேண்டும்.

பெண்கள் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் மற்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, பஸ் குறுக்கே நின்றதையும், போலீஸ்காரர் கைகாட்டியதையும், மனுவில் நான் எழுதிக் கொடுத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது.

"ஒங்கள யாரு கொற சொன்னா வாப்பா? நீங்க வராமப் போன ஒவ்வொரு நாளைக்கும் சரியான காரணம் இருந்துருக்கு," என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "சாச்சாவுக்குத்தான் காரணமெல்லாம் சொல்லத் தெரியாது. வந்துருவாவ."

நான் ஆமாம் என்றேன்.