சுவர் வைத்தால் வீடு, இல்லாவிட்டால் சோலார்

எங்களோடு வந்து இருக்கச் சம்மதித்தபோது அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "எனக்குத் தனி அடுப்பு வேணும்டா. உன் பொண்டாட்டி கிச்சன்ல நான் நுழைய மாட்டேன்." என் மனைவி அவ்வளவு வேகமாகத் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

அக்கா ரிட்டயர்டு நர்ஸ், கல்யாணம் செய்துகொள்ளாதவள். பெங்களூர் ஈஜிபுராவில் அவள் குடியிருந்த வீட்டை இடிக்கப்போவதாக ஓனர் சொல்லிவிட்டார். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் கிடந்தது. அங்கே ஒரு ரூம், ஓரமாக ஒரு சமையலறை, ஒரு பாத்ரூம் கட்டலாம் என்று நினைத்தோம். முறையாக அனுமதி வாங்கிவிடலாமே என்று நான் வார்டு ஆபீசில் போய்க் கேட்டேன். கேட்டதால் எஞ்சினியர் வந்தார்.

பின்பக்கம் டேப் பிடித்து அளந்துவிட்டு, "இது செட்பேக் சார். காத்து வர்றதுக்கு விட்ட இடம். கட்டக்கூடாது" என்றார்.

பின்வீட்டுக்காரர் எங்கள் காம்பவுண்டு வரை சுவரை எழுப்பி வைத்திருந்தார். அதைக் காட்டி, "காத்து எங்கிருந்து சார் வரும்? அவர் கட்டியிருக்காரே?" என்றேன்.

"அவர் எங்களைக் கேக்கலையே. நீங்க கேட்டுட்டீங்க."

மொட்டைமாடியில் ஒரு ஷெட்டாவது போட்டுக்கொள்ளலாமா என்று அக்கா கேட்டாள்.

"ஷெட் பேடாம்மா, வேணாம். ஷெட் போட்டா அது ஒரு ஃப்ளோர் கணக்கு. சோலார் போடுங்க. கவர்மென்ட்டே போடச் சொல்லுது. உயரமா கால் வெச்சே போடலாம்." கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "கீழ நெழல் விழும். நெழலுக்கு ரூல் இல்ல."

எங்களுக்குப் புரிந்துவிட்டது. ஆளுயரத்துக்கும் மேலே இரும்புக் கால்கள் நட்டு, இடைவெளியெல்லாம் அடைத்துப் பேனல்களைப் பரப்பினோம். கீழே அக்காவின் கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு. சுற்றிலும் மூங்கில் திரை. குளிக்க மட்டும் கீழே இறங்கி வருவாள். சர்ச்சில் யாராவது, "இப்ப எங்க இருக்கீங்க சிஸ்டர்?" என்று கேட்டால், "சோலார்ல" என்பாள். ஏதோ புது லேஅவுட் போலிருக்கிறது என்று அவர்களும் நினைத்துக்கொள்வார்கள்.

முதல் மழைக்கே மூங்கில் திரை பிய்த்துக்கொண்டு போனது. சாரல் கட்டிலை நனைத்தது. நான் மேஸ்திரியைக் கூப்பிட்டு இரண்டு பக்கம் ஹாலோ பிளாக் வைத்தேன். யாரோ புண்ணியவான் போய்ச் சொல்லியிருக்கிறார். சிமென்ட் காய்வதற்குள் எஞ்சினியர் வந்து நின்றார்.

"என்ன சார் இது? சுவர் வெச்சா அது வீடு. சுவர் இல்லைன்னாத்தான் சோலார்."

"அப்ப நான் யாரு?" என்றாள் அக்கா, கையில் கரண்டியோடு.

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே யோசித்தார். "மெயின்டனன்ஸுக்கு ஒரு ஆள் இருக்கலாம்மா" என்றார்.

ஒரு ஆஸ்பத்திரி வார்டையே அதட்டி நடத்தியவள் என் அக்கா. பேனல் துடைக்கிற ஆளாகப் பதவி இறங்கினாள். சுவரை நானே நின்று இடிக்கவைத்தேன்.

சரி, கரண்ட்டாவது வரட்டும் என்று பேனல் கரண்ட்டை வெளி லைனில் விட இணைப்புக் கேட்டு இருவரும் மின்சார ஆபீசுக்குப் போனோம். கவுன்டரில் இருந்தவர் நிமிராமல், "ஓ.சி. இத்யா? இருக்கா?" என்றார்.

அக்காவுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "ஓசியா? யாருங்க ஓசியில கேட்டது? காசு குடுத்து வாங்கின பேனலு!"

அவர் கேட்டது அந்த ஓசி இல்லை. பிளான்படி வீடு கட்டியிருக்கிறோம் என்று மாநகராட்சி தரும் ஆக்குபன்சி சர்டிஃபிகேட். எங்கள் பால்கனி பிளானைத் தாண்டி ஒரு முழம் நீட்டிக்கொண்டிருப்பதால் அது எங்களுக்குக் கிடைக்காது. இத்தனை வருஷமாக வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கும் கரண்ட்டுக்கு யாரும் எந்தச் சான்றிதழும் கேட்டதில்லை. வீட்டிலிருந்து கரண்ட் வெளியே போகவேண்டுமானால்தான் நாங்கள் யோக்கியர்கள் என்று நிரூபிக்கவேண்டும். ஆகவே, பெங்களூரிலேயே விலை உயர்ந்த நிழல் எங்கள் மொட்டைமாடியில் சும்மா விழுந்துகொண்டிருந்தது.

அடுத்த மழையில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. தானே நாடி பிடித்துப் பார்த்து, தானே மாத்திரை போட்டுக்கொண்டாள். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் குடையை எடுத்துக்கொண்டு போய், தெருக்கோடியில் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தாள். புதுக் கட்டடம், நாலாவது மாடி. மூன்று பக்கமும் ஒரு அடிகூட இடம் விடாமல், பால்கனிகள் ரோட்டுக்கு மேலேயே தொங்கும்படி கட்டியிருந்தார்கள். சாமான் ஏற்றும்போது நான் ஓனரிடம், "இதுக்கெல்லாம் பெர்மிஷன் குடுத்தாங்களா சார்?" என்று கேட்டேன்.

"கேட்டாத்தானே சார் குடுக்கறதுக்கு?" என்று இரக்கத்தோடு பார்த்தார்.

"வாயை மூடிக்கிட்டு பீரோவைப் பிடிடா" என்றாள் அக்கா.

மேலே போனதும் சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டாள். சர்க்கரை டப்பா எந்த மூட்டையில் இருக்கிறதென்று சத்தமாக என்னைக் கேட்டாள். அடுத்த கட்டடத்துச் சமையலறையிலிருந்து ஒரு அம்மா இதைக் கேட்டுவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு டம்ளர் சர்க்கரை கொடுத்தாள். அக்கா இருந்த இடத்திலிருந்தே வாங்கிக்கொண்டாள்.