தமிழில் ஒரு திட்டு கேட்டேன்

அன்பான சபையாருக்கு,

சனிக்கிழமை காலையில் அந்த ஒலிபெருக்கி கரகரக்கும். அந்தச் சத்தம் வந்ததும் ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாரும் தலைசீவி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிடுவார்கள். யாரைப் பார்க்க ஆள் வந்திருக்கிறதோ அவள் பெயரை வாசிப்பார்கள். பெயர் வந்தவள் ஓடுவாள். நானும் சடை பின்னி உட்கார்ந்திருப்பேன். என் பெயர் வராது. மத்தியானம்வரை பார்த்துவிட்டு, பின்னிய சடையை நானே அவிழ்த்துப்போட்டுக் கொண்டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன். அந்தச் சடையை அவிழ்க்கிற நேரம் இருக்கிறதே, அது என் எதிரிக்கும் வேண்டாம்.

அது பெண்பிள்ளைகளுக்கான சீர்திருத்தப் பள்ளி. கெடா மாநிலத்தில்தான், எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. பெயர் எதற்கு? அங்கே இருந்தவர்கள் எல்லாரும் இப்போது குடும்பம் குட்டி என்று இருக்கிறோம். சென்ற மாதம் சல்மா என்னைத் தேடிப் பிடித்தாள். என் பக்கத்துக் கட்டில்காரி. பழைய பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாள். ஆளுக்கொரு ஞாபகம். ஒருத்திக்குக் கேண்டீன் மீன்குழம்பு, அதில் மீனைத் தேடிய கதை. இன்னொருத்திக்குத் தையல் வகுப்பில் ஊசி தொலைந்து எல்லாரையும் வெயிலில் நிறுத்தியது. சல்மா மட்டும் என்னிடம் மலாயில் கேட்டாள், "விஜயா, துணி காயப்போடும்போது தனியாப் பேசிக்கிட்டே இருப்பியே, யார்கூடப் பேசுவே?" என்று. அதற்கு என்னால் ஒரு வரியில் பதில் போட முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் அங்கே போனபோது எனக்குப் பதினைந்து வயது. சுங்கை லாலாங் பக்கம் தோட்டத்து வீடு. அம்மா இருந்தவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பீடோங்கில் நடக்கும் தமிழ் ஆராதனைக்குப் போவார். அம்மா காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அதோடு வீடு எனக்கு வீடாக இல்லை. பள்ளிக்கூடம் போகிறேன் என்று கிளம்பி சுங்கை பட்டாணி பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பேன். அங்கே என்னைப் போலவே வீடு பிடிக்காத ஒரு கூட்டம் இருந்தது. சில நாள் வீட்டுக்கே போகமாட்டேன். அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுவார், அடிப்பார், பிறகு அழுவார். கடைசியில் கோர்ட்டில் போய், இந்தப் பிள்ளை என் கைக்கு அடங்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதற்கு முன்பே அப்பா மெர்போக் பக்கத்திலிருந்து ஒருவரைக் கல்யாணம் செய்து கூட்டி வந்திருந்தார். சின்னம்மா என்று கூப்பிடச் சொன்னார். நான் கூப்பிடவில்லை. அவரும் என்னிடம் அதிகம் பேசமாட்டார். பால் மரம் வெட்டப் போவார், வருவார், சமைத்து மூடி வைப்பார், அவ்வளவுதான். அப்பாவுக்கு இந்தக் கோர்ட்டு யோசனையைக் கொடுத்தது இந்த அம்மாதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

பள்ளியில் யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். சோறு போட்டார்கள், தையல் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் எங்கள் ஹாஸ்டலில் தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். இன்னொரு கட்டடத்தில் இரண்டு இந்தியப் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களைப் பார்ப்பதே அபூர்வம். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை மலாய்தான். மலாய் எனக்கு நன்றாக வரும். ஆனால் அழவேண்டும் போல இருக்கும்போது அது வாயில் உட்காராது.

ஒரு நாள் கனவில் அம்மா வந்தார். எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு என்னிடம் மலாயில் பேசினார். என் அம்மாவுக்கு மலாயில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரியாது. நான் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் அம்மாவின் குரலும் என்னைவிட்டுப் போகப்போகிறது என்று நினைத்தேன். அன்றுதான் ஜெபம் பண்ண ஆரம்பித்தேன். பெரிய விசுவாசம் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழில் பேச ஆள் இல்லை, அதனால் ஆண்டவரிடம் பேசினேன். உள்ளது அதுதான்.

ஆள் வராத பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மத்தியானம் பின்பக்கம் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப்போடுகிற வேலை. கொடிக்கு அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு மேல் தகரம் அடித்த வேலி. விரிப்புகளுக்கும் தகரத்துக்கும் நடுவில் நின்றால் என்னை யாரும் பார்க்க முடியாது. அதுதான் என் ஜெப அறை. "ஆண்டவரே, இன்னிக்கும் சோத்துல கல்லு. ஆண்டவரே, அந்தத் தையல் டீச்சருக்கு நான் என்ன செஞ்சேன்?" இப்படித்தான், முணுமுணுப்பாக, என் ஜெபம் இருக்கும். முடிவில் அம்மா சொல்கிற மாதிரி ஆமென் சொல்வேன்.

ஒரு நாள் வார்டன் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷி. நடத்தை சரியாக இருக்கும் பிள்ளைகளைச் சீக்கிரமே வீட்டுக்கு விடுவது உண்டு, உன் நடத்தையில் குறை இல்லை, ஆனால் உன்னைக் கேட்டு வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லையே என்றார். ஆள் இல்லாத பிள்ளையை யார் கையில் ஒப்படைப்பது? காலம் முடிந்ததும் வேறு ஏதாவது விடுதிக்குத்தான் அனுப்புவார்கள் என்று மெதுவாகச் சொன்னார்.  இந்த உலகத்தில் எனக்கு ஆள் இல்லை என்பதை அதுவரை நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இன்னொரு வாய் அதைச் சொல்லிக் கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நான் சடை பின்னவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தபோதே விரிப்புகளைத் துவைத்து எடுத்துக்கொண்டு கொடிக்குப் போய்விட்டேன். ஈர விரிப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டே அழுதேன். "ஆண்டவரே, யாரையாச்சும் அனுப்பும். நல்லவங்களா இருக்கணும்னு இல்ல. கட்டிப்பிடிக்க வேணாம், ஒண்ணும் வாங்கிட்டு வர வேணாம். யாராச்சும் வந்து என்னைத் தமிழ்ல நாலு திட்டு திட்டினாக்கூடப் போதும். அது போதும் ஆண்டவரே" என்றேன். சத்தமாகவே சொன்னேன். யாருக்குப் புரியப்போகிறது?

அப்போது தகரத்தை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

"ஏய்! யாருடி அங்க? பேபியா?"

 பேபி என்பது என் வீட்டுப் பெயர். அந்தப் பள்ளியில் அது யாருக்கும் தெரியாது. ஒரு நொடி ஆண்டவர்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவருக்கு இவ்வளவு கரடுமுரடான குரலா என்றும் மனதில் ஓடியது.

"வாயத் தொறடி மூதேவி! பேபிதான? ஒன் கொரலு எனக்குத் தெரியாதா?"

"நான்தான்" என்றேன். சின்னம்மாவின் குரல்!

"எத்தன சனிக்கெழமடி நான் இங்க நாயா அலையிறது! ஒங்கப்பனுக்குத் தெரியாம, பீடோங் பாசாருக்குப் போறேன்னு பொய்யச் சொல்லிட்டு, பஸ் ஏறி வந்து நின்னா, வாசல்ல காவலுக்கு நிக்கிற அந்த ஜாகா பேபின்னு இங்க யாருமே இல்லங்கறான்! ஒனக்குன்னு பெரட்டிட்டு வந்த நெத்திலி சம்பல எல்லாம் அவன்தான் தின்னுட்டான்! ஏண்டி, ஒன் பேரு என்னாடி இங்க?"

சபையாரே, நீங்கள் இதை யோசித்துப் பாருங்கள். என் பிறப்புப் பத்திரத்தில் இருக்கிற பெயர் விஜயலெட்சுமி. தோட்டத்தில் அதைச் சொன்னால் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. லயத்து வீடுகளில் எல்லாருக்கும் நான் பேபி. அப்பாவும் ஊருக்கு மணியம்தான், அடையாள அட்டையில்தான் சுப்பிரமணியம். சின்னம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்த காலத்தில் நான் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டேன். என் பத்திரப் பெயரை அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பேபி, அப்பா பெயர் மணியம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் அவர் வாசலில் கேட்டிருக்கிறார். அப்படி ஒருத்தி அந்தப் பட்டியலில் எந்த நாளும் இருந்ததில்லை.

"விஜயலெட்சுமி!" என்று தகரத்தைப் பார்த்துக் கத்தினேன். "என் பேரு விஜயலெட்சுமி! அப்பா பேரு சுப்பிரமணியம்!"

அந்தப் பக்கத்திலிருந்து தகரத்தில் ஓங்கி ஓர் அடி விழுந்தது.

"அடிப்பாவி! அந்தப் பேர அவன் அன்னிக்கே படிச்சுக் காமிச்சானே. நான்தான் அது எங்க புள்ள இல்லன்னுட்டேன்."  அதற்குள் என்ன தோன்றியதோ, "நீ அங்கயே நில்லு. எங்கயும் ஓடிறாத" என்றார். ஓடிப்போவதில் நான் பேர் வாங்கியவள் அல்லவா? பிறகு செருப்புச் சத்தம் வாசல் பக்கமாக ஓடியது.

நான் அங்கேயே நின்றேன். ஒலிபெருக்கி கரகரத்தது. பெயர் வாசிக்கிற அதிகாரி தன் வாய்க்கு வந்த மாதிரி, விஜயாலெச்சுமி, அனாக் சுப்ரமணியாம், அதாவது சுப்பிரமணியத்தின் பிள்ளை, என்று வாசித்தார். அங்கே போனதிலிருந்து காத்துக் கிடந்தது அந்தப் பெயருக்குத்தான். ஆனால் நான் விரிப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். சல்மாதான் ஓடிவந்து என் கையில் இருந்த விரிப்பைப் பிடுங்கிக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டாள்.

முறைப்படி அப்பாவின் கடிதம் இல்லாமல் உள்ளே விடக்கூடாது. வார்டன்தான் இந்த ஒரு தடவை பரவாயில்லை என்று விட்டார். "நீங்கள் பிள்ளைக்கு என்ன வேண்டும்? எமாக்கா?" என்று கேட்டார். எமாக் என்றால் மலாயில் அம்மா. சின்னம்மாவுக்கு மாற்றாந்தாய் என்பதற்கு மலாய்ச் சொல் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தும் சொல்லாமல் விட்டிருக்கலாம். "எமாக், எமாக்" என்று இரண்டு தடவை தலையாட்டினார். நான் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு உட்கார்ந்து என்னைத் திட்டினார் பாருங்கள்! ஏன் இளைத்துவிட்டாய் என்று ஆரம்பித்து, தலைக்கு எண்ணெய் வைக்காததற்குத் திட்டி, செத்துப்போன என் அம்மாவுக்கு எங்கே போய் பதில் சொல்லுவது என்று திட்டி, கோர்ட்டுக்குப் போகவேண்டாம் என்று அப்பாவின் காலில் விழுந்தும் அந்த மனுஷன் கேட்கவில்லை என்று அப்பாவையும் சேர்த்துத் திட்டினார். அப்போதுதான் எனக்கு உண்மை தெரிந்தது. நேரம் முடிகிறவரை திட்டினார்.  வெயிலில் நடந்து வந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்த மாதிரி நான் அதைக் குடித்துக்கொண்டே இருந்தேன். நான் கேட்டது நாலு திட்டுதான். ஆண்டவர் எப்போதும் கேட்டதற்கு மேல்தான் கொடுக்கிறார்.

அன்று சாயங்காலமே எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். அவர் போனபின் ஹாஸ்டலில் மறுபடியும் மலாய்தான், மறுபடியும் நான் ஒருத்திதான். அடுத்த சனிக்கிழமைவரை அந்தத் திட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன். சின்னம்மா வீட்டில் என்ன போராட்டம் நடத்தினாரோ தெரியாது. கொஞ்ச மாதத்தில் அப்பாவே வந்து கையெழுத்துப் போட்டு என்னைக் கூட்டிப்போனார். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பீடோங்கில் இறங்கியதும் என் பையை வாங்கிக்கொண்டார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

அப்பா இப்போது இல்லை. எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். சுங்கை பட்டாணி தொழிற்சாலையில் வேலை. சின்னம்மா என்னோடுதான் இருக்கிறார். சனிக்கிழமை மத்தியானம் வந்தால் எனக்கு இன்றைக்கும் அந்தச் சடை ஞாபகம் வரும். அதனாலேயே முடிந்தபோதெல்லாம் நம் சபைச் சகோதரிகளோடு விடுதிப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறேன். ஆள் வராத பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நான் முதலில் கேட்பது, வீட்டில் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றுதான். பெரும்பாலும் அந்தக் கேள்வியிலேயே அழுதுவிடுவார்கள். உங்களில் யாருக்காவது மனம் இருந்தால் எங்களோடு வாருங்கள்.

உங்கள் ஜெபத்துக்குப் பதில் வரவில்லை என்று உட்கார்ந்திருக்கிறீர்களா? நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நான் கேட்பதற்கு எத்தனையோ சனிக்கிழமை முன்பே அவர் ஆளை அனுப்பிவிட்டார். அந்த ஆள் நான் வேண்டாம் என்று ஒதுக்கியவர், கையில் சம்பலோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

இதை எழுதி முடித்துச் சின்னம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் இன்னமும் கோயிலுக்குத்தான் போகிறார், நம் ஆராதனைக்கு வந்ததில்லை. முழுவதும் கேட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஏண்டி பேபி, கேக்கறதுதான் கேட்ட, அத முன்னாடியே கொஞ்சம் சத்தமாக் கேட்டிருக்கக் கூடாதா? நான் அந்தத் தகரத்த ஒட்டித்தான ஒவ்வொரு தடவையும் நடந்துபோனேன்" என்றார்.

நானும் உங்களுக்கு அதையேதான் சொல்கிறேன்.