கரையைப் பார்த்த சுறா

பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் ஒரு படகின் மேல் சுறா பின்னோக்கி நீந்துவது குறித்துப் பலவாறாகப் பேச்சு உலவுகிறது. வரைந்தவருக்குக் கண் மங்கல் என்பது ஒரு கூற்று. வெயிலில் தலைசுற்றிவிட்டது என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. வரைந்தவன் நான்! ஆகவே, நடந்ததை நடந்தவாறு எழுதிவைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வாழ்நாளெல்லாம் இலக்கணம் கற்பித்தவனுக்குப் படகில் என்ன வேலை? சொல்கிறேன்.

ஓவியம் பழகுவதற்கென ஒரு செயலியை அண்மையில் என் திறன்பேசியில் இறக்கிக்கொண்டேன். இரண்டு குவளைகளின் மேல் பேசியைக் கிடத்தி, அடியில் வெள்ளைத்தாளை வைக்க வேண்டும். திரையில் தாள் தெரியும். தாளின் மேல் நாம் விரும்பிய படம் பனிப்படலம் போல் மிதக்கும். மிகைமெய்ம்மை என்கிறார்கள். திரையைப் பார்த்தபடியே அக்கோடுகளின் மேல் பென்சிலை ஓட்டினால்... ஆகா! பேசியை எடுத்ததும் தாளில் ஒரு கிளி! என் கையா வரைந்தது?

ஓடிப்போய் மனைவியிடம் காட்டினேன்.

"கிளி மாதிரியே இருக்கே" என்றாள்.

"கிளிதான்."

"அதான் ஆச்சரியமா இருக்கு."

எங்கள் உழவர்கரை வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலை மட்டும் கிளியை நெடுநேரம் பார்த்தார். "ஐயா, இத்த வச்சு எங்க படகுல சுறா போட முடியுமா?"

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு புயலில் அவர்களுடைய படகு உடைந்துபோயிற்று. கணவர் முருகையன் நீந்திக் கரை சேர்ந்தார். அதன்பின் பிறர் படகில்தான் பிழைப்பு. இப்போது புதுப்படகு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடலிறங்கப் போகிறது. வழக்கமாகப் படம் வரைபவரோ வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்.

"மொட்டையா எறக்குனா ஊரே சிரிக்கும்யா. வாயத் தொறந்துகினு பாயுற சுறா, ரெண்டு பக்கமும் வேணும்."

மறுத்திருக்கலாம். ஆனால், கிளி தந்த துணிவு விடுமா?

வியாழன் காலை பிள்ளைச்சாவடி மணலில் நின்றேன். முன்முனை கடலைப் பார்க்கப் படகு நின்றது. மீன்பெட்டிகளை அடுக்கி, அவற்றின் மேல் பேசியை நிறுத்தினோம். வெயிலில் திரை தெரியவில்லை. அஞ்சலை குடை பிடித்தார். சுண்ணக்கட்டியால் படகின் இடப்புறம் சுறாவை வரைந்தேன். முருகையன் சிவப்பு பெயின்ட் தீட்டினார். அடடா, என்ன பாய்ச்சல்! கடலையே விழுங்கிவிடும் போலிருந்தது.

அதே எழுச்சியில் பெட்டிகளை வலப்புறம் மாற்றினேன். அதே படம், அதே கோடுகள். மூவரும் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. பெயின்டும் தீட்டியாயிற்று.

அப்போதுதான் முருகையனின் தம்பி கலியன் வந்தார். படகின் முன்னால் நின்று இப்பக்கம் பார்த்தார்... அப்பக்கம் பார்த்தார்...

"இன்னா அண்ணி, ஒன்னு கடலுக்குப் போவுது, இன்னொன்னு ஊட்டுக்குப் போவுது? ரெண்டுக்கும் சண்டையா?"

நானும் ஓடிப்போய் முன்னால் நின்று பார்த்தேன். இருபுறத்துப் படமும் முன்முனையை நோக்க வேண்டும். ஒரே படத்தை இரு பக்கமும் வரைந்தால் ஒன்று பின்னோக்காமல் என்ன செய்யும்? படத்தை இடவலமாகத் திருப்பும் பொத்தான் என் பெருவிரலுக்கு அடியிலேயே இருந்தது! திரையில் சுறா செம்மையாகத்தான் இருந்தது. படகைத்தான் ஒருவரும் பார்க்கவில்லை. திரை வந்தபின் நம் எல்லார் பிழைப்பும் இப்படித்தானோ?

"தின்னர் கொண்டுவாருங்கள், இப்பொழுதே அழித்துவிடுகிறேன்" என்றேன்.

அஞ்சலை குடையை மடக்கினார். "அழிக்க வேணாம்யா."

"ஊர் சிரிக்குமே, அம்மா?"

"சிரிக்கட்டும். போறதுக்கு எந்தப் படகும்தான் போவுது. அன்னிக்கு இந்தாளு மட்டும் நீஞ்சி வந்தாரு, படகு வரலியே. இது ஒன்னாவது கரையப் பாத்துகினு இருக்கட்டும்."

கலியன் பெயின்ட் டப்பாவை எடுத்து மூடிவைத்தார்.

வெள்ளியன்று விடியுமுன் அண்ணனும் தம்பியும் கடலுக்குப் போனார்கள். நானும் கரையில் காத்திருந்தேன். அலை சற்று மிகுதி. அஞ்சலை கடலைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. வெயில் ஏறியபின், அலைகளுக்கிடையே சிவப்பாக ஏதோ மின்னியது. என் சுறாதான்! வயதை மறந்து கூவினேன்.

படகு மணலில் மோதி நின்றதும் கலியன் மேலிருந்து கத்தினார். "அண்ணி, இத்தப் பாரு! நாங்க ஊட்டுக்கு வந்துட்டோம், உன் சுறா இப்ப கடலுக்குப் போவுது!"

உண்மைதான். படகு திரும்பிவிட்டதல்லவா? அந்தச் சுறா கடலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது.

"போவட்டுமே... நாளைக்கும் போவணுமில்ல?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார் அஞ்சலை.

நிகழ்ந்தது இதுவே. என் எழுத்தில் பிழை காணும் அன்பர்கள் அருள்கூர்ந்து திருத்தி எழுதுக. படகில் உள்ள பிழையை மட்டும் திருத்த வேண்டா — உரியவர் இசையமாட்டார்!