நடக்க வந்தவர்

விடுமுறைக்குச் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் மாமனார் தோட்டத்தில் பத்து நாள் தங்கியிருந்தேன். சென்னையில் உட்கார்ந்தே பழகிய உடம்பு. இங்கேயாவது தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

நடக்க விட்டால்தானே? போகிற பைக்கெல்லாம் நின்றது. "ஏனுங்க, ஏறிக்கோங்க, உட்டுட்டுப் போறேன்." மூன்றாம் நாள் ஒரு பால்காரரிடம், "எனக்குக் கால் இருக்குங்க" என்று எரிந்து விழுந்தேன். அவர் தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். மறுநாளிலிருந்து யாருமே நிற்கவில்லை. நிம்மதியாக நடந்தேன்.

ஆறாம் நாள் ரோட்டோரப் பள்ளத்தில் கால் பிசகியது. காலை ஊன்றவே முடியவில்லை. வந்த பைக்கை நோக்கிக் கையைக் காட்டினேன். ஓட்டியவரும் கையாட்டிவிட்டுப் போனார். பின்னால் ஸ்கூட்டியில் வந்த பெண்மணி சிரித்தபடியே கடந்தார்.

கடைசியில் அதே பால்காரர் வந்தார். நான் நொண்டுவதைக் கவனிக்கும் முன்பே கேட்டார்: "நீங்க நடக்கறதுக்குன்னே வந்திருக்கீங்கன்னு எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறனுங்க. யாரும் தொந்தரவு பண்றதில்லீங்களே?"

"இல்லீங்க" என்றேன். பிறகுதான் காலைக் காட்டினேன். பால் கேனை முன்னால் நகர்த்தி இடம் கொடுத்தார்.

வீக்கம் நாலு நாளில் வற்றிவிட்டது. அவர் கேட்டதில் கிண்டல் துளிகூட இல்லை என்பதுதான் இன்னும் வலிக்கிறது.