மடங்காத ஆசனங்கள்

மாமி காரின் பின் ஆசனத்தில் அமர்ந்தால் அவருடைய உயிருக்கு ஆபத்து என்று எங்கள் வீட்டில் அப்போது எல்லோரும் நம்பினோம். அப்பா கார் வாங்குவதற்கு முன்பு, ஹெந்தளைக் கோயில் திருவிழாவுக்குப் போகும் வழியில், யாருடைய காரிலோ பின்னால் இருந்த மாமி மயங்கிச் சரிந்தாராம். அதற்குப் பிறகு எவரும் அவரைப் பின்னால் இருத்திப் பரிசோதித்துப் பார்க்கத் துணியவில்லை. நாங்கள் கத்தோலிக்கர், தேவாலயத்தைக் கோயில் என்றே சொல்வோம். கோயிலில் சுவாமியார் சொல்வதை எவ்வளவு கேள்வியின்றி ஏற்றோமோ, அவ்வளவு கேள்வியின்றி மாமியின் மயக்கத்தையும் ஏற்றோம்.

மாமி அப்பாவின் அக்கா. தாயை இழந்த அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். துறைமுகப் பகுதி அலுவலகம் ஒன்றில் தொலைபேசி இணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, கொட்டாஞ்சேனையில் எங்களுடனேயே வாழ்ந்தார். வாழ்நாள் முழுவதும் பிறரை ஒருவரோடொருவர் இணைத்துவிட்ட அந்தக் குரல், வீட்டில் ஒரு வாக்கியத்தைச் சொன்னால் அத்துடன் இணைப்புத் துண்டிக்கப்பட்டுவிடும்.

கார் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. ஆமை முதுகும் உருண்டைக் கண்களும் கொண்டது. அப்பா அதை வாங்கியபோதே அதற்கு வயது போயிருந்தது. அவருக்கோ அது மணமாகாத மகளைப் போல. வேறொருவர் கையில் அதன் திறப்புச் சாவியைக் கொடுக்க மாட்டார். அதற்கு இரண்டே கதவுகள். பின்னால் ஏற வேண்டியவர்கள், முன் ஆசனத்தை முழுதாக முன்னோக்கிக் கவிழ்த்து, அந்த இடைவெளியில் குனிந்து நுழைய வேண்டும். முன் இடது ஆசனம் மாமிக்கு. பின் ஆசனம் அம்மாவுக்கும் எனக்கும்.

இந்த ஒழுங்கு அம்மாவின் திருமண நாளன்றே தொடங்கிவிட்டது. காரை வேறொருவர் ஓட்ட அப்பா சம்மதிக்கவில்லை, மணமகனே ஓட்டினார். மாமியைப் பின்னால் இருத்த முடியாது. ஆகவே கோயிலிலிருந்து வீடு திரும்புகையில் முன்னால் மணமகனும் அவருடைய அக்காவும் அமர்ந்திருக்க, மணமகள் தன் வெள்ளை முக்காட்டை மடியில் குவித்துக்கொண்டு பின்னால் தனியாக வந்தார். அம்மா இதைப் பற்றிக் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. ஒருமுறை மட்டும், எனக்குத் தலைவாரிவிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நான் உங்கட அப்பாவையோ கலியாணம் கட்டினது? அவற்ற பிடரியை எல்லோ கட்டினனான்."

அப்பாவின் பிடரியில் மயிர் நரைத்ததை அவருக்கு முன்பே அறிந்தவர் அம்மாதான். காரில் அவருக்குக் காட்சியாகக் கிடைத்தது அதுவே.

நாட்டின் இறக்குமதிக் கதவுகள் திறந்துவிடப்பட்டு, ஜப்பான் கார்கள் தெருக்களில் பெருகத் தொடங்கிய ஆண்டுகள் அவை. எங்கள் காரின் ஆசனங்கள் அதற்குள் பலமுறை தும்பு திணிக்கப்பட்டு, பலமுறை றெக்சின் மாற்றப்பட்டு, இறுதியில் தோல்வியை ஒப்புக்கொண்டிருந்தன. மாமியின் ஆசனத்தில் ஒரு ஸ்பிரிங் தலைநீட்டியது. மாமி அதன்மேல் பத்திரிகையை மடித்துப் போட்டார், பிறகு தலையணை, பிறகு தலையணைக்கு மேல் பலகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அவர் இறங்கியபோது ஸ்பிரிங் அவருடைய சேலையை விட மறுத்தது. பூசைக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்க, மாமி முன்னே நடந்தார்; சேலையின் ஒரு நூல் காரிலிருந்து கோயில் படிவரை அவரைப் பின்தொடர்ந்தது.

"தம்பி, இந்தக் கார் என்னை உரிச்சுப்போட்டுத்தான் விடும்போல," என்றார் மாமி.

அடுத்த சனிக்கிழமையே அப்பா அவரைப் பஞ்சிகாவத்தைக்கு அழைத்துச் சென்றார். உடைந்த கார்களின் உறுப்புகள் மலைமலையாகக் குவிந்து கிடக்கும் தெரு அது. கதவுகளின் மலை, சக்கரச் சில்லுகளின் மலை, அவற்றுக்கு நடுவே ஆசனங்களின் மலை. மாமி ஒவ்வொரு ஆசனமாக இறக்கி வைக்கச் சொல்லி, தெருவோரத்தில் அமர்ந்து பார்த்தாராம். சிலவற்றில் கண்ணை மூடிச் சாய்ந்தும் பார்த்தாராம். இறுதியில் ஏதோ ஒரு ஜப்பான் காரின் சாம்பல்நிற ஆசனங்கள் இரண்டைத் தேர்ந்தெடுத்தார். பக்கத்தில் ஒரு பிடி இருந்தது. இழுத்தால் முதுகுப்பக்கம் கட்டிலைப் போலப் படுத்துவிடும். மாமி பரவசமடைந்தார். அப்பா நாடாவால் அகலம் அளந்தார். அகலம் சரியாக இருந்தது. அகலத்தைத் தவிர வேறொன்றையும் அளக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொருத்தும் வேலையை எங்கள் தெருமுனைக் கராஜ்காரரிடம் கொடுத்தார்கள். கைவினைஞர் எல்லோரையும் போல அவரையும் 'பாஸ்' என்றே அழைப்போம். அவர் எதைக் கேட்டாலும் "பிரஸ்னயக் நெ மாத்தயா" என்பார். பிரச்சினையே இல்லை ஐயா என்று அதற்குப் பொருள். புதிய ஆசனங்களின் துளைகள் காரின் துளைகளோடு பொருந்தவில்லை: பிரஸ்னயக் நெ. இரும்புச் சட்டங்களை வைத்து அடித்தட்டோடு ஒட்டவைத்துவிட்டார். சாய்க்கும் பிடிகள் கதவில் முட்டின: பிரஸ்னயக் நெ. வலப்பக்க ஆசனத்தை இடப்பக்கத்திலும், இடப்பக்கத்தை வலப்பக்கத்திலும் மாற்றிப் பூட்டினார். இப்போது இரண்டு பிடிகளும் நடுவில், அருகருகே, இரட்டைப் பிள்ளைகளைப் போல நின்றன.

கார் வீடு திரும்பிய மாலை அப்பா தீர்த்தம் தெளித்தார். மாமி முன் ஆசனத்தில் ஏறி அமர்ந்தார். ஆசனம் பழையதைவிட உயரமாக இருந்ததால் அவருடைய கொண்டை கூரையில் அழுந்தியது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

"சோபாவிலை இருக்கிற மாதிரி இருக்கு. வாங்கோ, ஒரு ரவுண்ட் போவம்."

மாமி இறங்கி நின்றார். அம்மா வழமைபோல முன் ஆசனத்தைக் கவிழ்க்க முதுகில் கைவைத்துத் தள்ளினார். அது அசையவில்லை. அப்பா தள்ளினார். பிறகு இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். ஜப்பானில் அந்த ஆசனங்கள் நான்கு கதவுக் காரில் இருந்தவை. முன்னோக்கிக் கவிழ வேண்டிய அவசியம் அவற்றுக்கு ஒருநாளும் ஏற்பட்டதில்லை.

"இஞ்சேருங்கோ, அப்ப நாங்கள் எப்பிடிப் பின்னுக்கு ஏறுறது?" என்று அம்மா கேட்டார்.

அப்பா காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். தான் கவனிக்காமல் விட்ட கதவு ஒன்று எங்காவது இருக்கக்கூடும் என்று தேடுபவரைப் போல.

பாஸ் அழைக்கப்பட்டார். அவர் ஆசனத்தை முழுதாகப் படுக்கவைத்து, அதன்மேல் மல்லாந்து, தலை முன்னே போகப் பின்னால் வழுக்கிச் சென்று காட்டினார். பின் ஆசனத்திலிருந்து தலையை நிமிர்த்தி, பிரஸ்னயக் நெ என்றார். எனக்கு அது பெரும் விளையாட்டாக இருந்தது. மீனைப் போல நழுவிப் பழகிக்கொண்டேன். அம்மா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்.

"நான் நடந்து வாறன். நடக்கிறது உடம்புக்கு நல்லம்."

அன்றிலிருந்து ஞாயிறுகளில் அப்பாவும் மாமியும் நானும் காரில் போனோம், அம்மா நடந்தார். கோயில் தொலைவில்லை. கார் கிளம்ப மறுக்கும் நாட்களில், அது கிளம்புவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்து, முழங்காலில் நின்று, பாதிச் செபமாலையை முடித்திருப்பார். அவர் சந்தோசமாக நடக்கிறார் என்று அப்பா சொன்னார். அப்பா சொன்னதை மாமியும் சொன்னார். நான் மட்டும், தெரு வளைவில் நாங்கள் அவரைத் தாண்டிப் போகும்போது, அவர் காரைப் பார்க்காமல் மறுபக்கக் கடைகளைப் பார்ப்பதைக் கவனித்தேன். முன்பு பிடரியாவது கிடைத்தது. இப்போது அதுவும் இல்லை.

ஹெந்தளையில் வாழ்ந்த அம்மாவின் தம்பிக்குக் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு அம்மாவே ஞானத்தாய். ஹெந்தளை நடந்து போகும் தூரம் அல்ல. அந்த ஞாயிறு காலை, அம்மா நீலப் பட்டு உடுத்து, குழந்தைக்கான வெள்ளைச் சட்டைப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"நான் பஸ்ஸிலை போறன். நீங்கள் மச்சாளைக் கூட்டிக்கொண்டு ஆறுதலா வாங்கோ." மாமியைத்தான் அம்மா மச்சாள் என்பார்.

"கவனமாப் போம்," என்றார் அப்பா. அவர் கெட்டவர் அல்ல. வேறு வழி இருக்கக்கூடும் என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை.

மாமி அப்போது காரின் கதவைத் திறந்தபடி நின்றிருந்தார். அம்மாவின் பட்டுச் சேலையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு குனிந்து பிடியை இழுத்தார். ஆசனம் மல்லாந்து படுத்தது.

"பிள்ளை, பஸ்ஸிலை தொங்கிக்கொண்டு போறவளுக்கு ஞானத்தாய் எண்டு ஆர் சொல்லுறது? நீ முன்னுக்கு இரு." பிறகு அப்பாவைப் பார்த்து, "தம்பி, என்ர காலைப் பிடி," என்றார்.

"அக்கா, பின்னுக்கு இருந்தா உங்களுக்கு..."

"செத்தாச் சாகிறன். போற இடம் கோயில்தானே. சுவாமியாரும் அங்கதான் நிப்பார். வசதி."

நான் முதலில் நழுவி உள்ளே போனேன். மாமி படுத்த ஆசனத்தின் மீது முதுகைச் சாய்த்தார். நான் அவருடைய அக்குள்களில் கைகொடுத்து இழுத்தேன். அப்பா பாதங்களைப் பிடித்துத் தள்ளினார். அம்மா சேலை விலகாமல் காத்தார். மாமி கையில் செபமாலையோடு, கூரையைப் பார்த்தபடி, அங்குலம் அங்குலமாகப் பின்னேறினார். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். இறுதியாக மாமி பின் ஆசனத்தை அடைந்து, நிமிர்ந்து, கொண்டையைச் சரிசெய்தார். நாங்கள் மூவரும் அவர் மயங்கிச் சரிவதற்காகக் காத்திருந்தோம்.

"என்ன பாக்கிறியள்? காரை எடுங்கோ."

அம்மா முன்னால் ஏறினார். தன் முன்னே கண்ணாடியும், கண்ணாடிக்கு அப்பால் தெருவும் விரிந்து கிடப்பதைப் பார்த்து, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவராகப் பெட்டியை இறுக அணைத்துக்கொண்டார். ஆசனம் இன்னும் பாதி சாய்ந்தே இருந்தது. களனிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பொலிஸ்காரர் கைகாட்டி வாகனங்களை நிறுத்தியபோது, அதை நிமிர்த்துவோம் என்று எண்ணி அம்மா நடுவிலிருந்த பிடியை இழுத்தார். இரட்டையரில் அது மற்றது.

அப்பா மறைந்தார். ஸ்டியறிங் மட்டும் நின்றது. பொலிஸ்காரர் எங்களைப் போகச் சொல்லிக் கையசைக்கத் திரும்பியவர், ஓட்டுநர் இல்லாத காரையும், அதன் முன் ஆசனத்தில் பட்டுச் சேலையுடன் நிமிர்ந்து அமர முயலும் ஒரு பெண்ணையும் கண்டு, கையை உயர்த்தியபடியே நின்றார். அப்பாவின் தலை மாமியின் மடியில் கிடந்தது. மாமி குனிந்து அவருடைய முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, ரோட்டைப் பார்."

அம்மா சிரித்தார். வாயைப் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. மல்லாந்து கிடந்த அப்பா முதலில் அதிர்ந்தார். பிறகு, தன் மனைவி சிரிக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்பதைக் கீழிருந்து பார்த்தபடி, எழும்ப மறந்து கிடந்தார். பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்த பிறகுதான் எழும்பினார்.

ஹெந்தளையில் மாமியை வெளியே எடுக்க முடியவில்லை. தள்ளுவதற்கு இருந்த வசதி இழுப்பதற்கு இல்லை. இருமுறை முயன்ற பிறகு மாமி கையை உயர்த்தினார். காரைக் கோயிலின் பக்கக் கதவோரம் நிறுத்தி, நான் துணையிருக்க, அவர் அங்கிருந்தே பூசை கண்டார். அம்மாவின் கைகளில் குழந்தை வீறிடுவது எங்களுக்குக் கேட்டது. நன்மை என்னும் நற்கருணை அப்பம் கொடுக்கும் வேளையில், அப்பா மெதுவாகச் சொல்லியிருக்க வேண்டும், சுவாமியார் நற்கருணைப் பாத்திரத்துடன் வெளியே வந்தார். பின் ஆசனத்தின் பக்கக் கண்ணாடி சிறிதளவே திறக்கும். அந்த இடைவெளியில் மாமி நாக்கை நீட்டினார். சுவாமியார் தபால் பெட்டியில் கடிதம் போடுபவரைப் போல மிகுந்த கவனத்துடன் தன் கடமையைச் செய்தார். போகிற போக்கில் காரையும் ஆசீர்வதித்தார்.

பூசை முடிந்து அம்மாவும் அப்பாவும் திரும்பி வந்தபோது, மாமி பின் ஆசனத்தில் குறுக்காகக் கால்நீட்டி, கடற்காற்றில் கண்மூடி இருந்தார். அப்பா பதறிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"அக்கா! மயக்கமோ?"

"மயக்கமும் மண்ணும். அண்டைக்கு மயங்கினது பசியிலை. நன்மை வாங்க வேணுமெண்டு முதல்நாள் இரவிலயிருந்து பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை. அந்தக் காலத்திலை அப்பிடித்தானே."

அப்பா கண்ணாடிக்கு அருகே குனிந்தார். "அப்ப ஏனக்கா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"ஆரும் கேக்கேல்லையே. முன் சீற்றும் நல்லாத்தான் இருந்துது."

அம்மா முன் கதவைத் திறந்து அமர்ந்து, இம்முறை சரியான பிடியை இழுத்து, ஆசனத்தை நிமிர்த்திக்கொண்டார். வீட்டில் மாமியை வெளியே எடுக்க மாலையாகிவிட்டது. தலை முன்னே போனவர், கால் முன்னே வந்தார்.

மறுநாளே, பாஸிடம் சொல்லி ஆசனங்கள் முன்னே மடங்கப் பிணைச்சல் போடுவிப்பதாக அப்பா சொன்னார். மாமி மறுத்துவிட்டார். பின்னால் கால்நீட்ட இடமிருக்கிறது, கொண்டை நசுங்குவதில்லை, முன்னால் இருப்பவர்களின் பேச்சும் கேட்கிறது என்றார். அவர் ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே உள்ளே அனுப்பப்பட்டார். எங்கள் தெரு அதைப் பழகிக்கொண்டது; நாங்கள் தாமதித்தால் பக்கத்து வீட்டுக்காரர் தாமாகவே வந்து ஒரு காலைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள், அப்பாவும் அம்மாவும் முன்னால் ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருக்க, மாமி என் காதருகே சாய்ந்து, "உன்ர அம்மாவுக்கு இவ்வளவு கதை இருக்கெண்டு எனக்குத் தெரியாமப் போச்சு," என்றார். பிறகு சாளரப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலில் மாமி போனார். சில ஆண்டுகளில் அப்பா. கார், அதற்கு அசல் ஆசனங்களைத் தேடிப் பொருத்தப்போவதாகச் சொன்ன ஒருவரிடம் போயிற்று. சாம்பல்நிற ஆசனங்கள் மீண்டும் பஞ்சிகாவத்தை மலையில் ஏறியிருக்கக்கூடும்.

நான் இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். என் கார் சிறியது. நான்கு கதவுகள் உண்டு. ஞாயிறு காலைகளில் அம்மா என் இடப்பக்கத்தில் அமர்ந்து, ஆசனத்தின் பிடி எந்தப் பக்கம் என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வார். பிறகு காலி ஊருக்குப் போகும் பெருவீதியைப் பார்த்தபடி வருவார். பின் ஆசனத்தில் ஒருவரும் இல்லை. அம்மா இருக்கிறார், நான் இருக்கிறேன்.