மார்க்கர் பட்ட குழாய்கள்

என் மனைவிக்கு ஆபீஸில் 'மூடி' என்று பெயர். காற்றைச் சோதிக்கும் கூடத்தில் வேலை. விரல் நீள எஃகுக் குழாய்க்குள் கருப்பு மணிகள் இருக்கும். பம்ப் வைத்து அதன் வழியே காற்றை இழுத்தால், காற்றிலுள்ள கண்ட கண்ட ஆவியும் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். இயந்திரத்தில் வைத்துச் சூடாக்கினால் ஒட்டியது கிளம்பி வரும், அளந்துவிடலாம். ஒரே தடவைதான், அதோடு குழாய் காலி. அதனால் இவள் ஒவ்வொரு முனை மூடியையும் மூன்று முறை திருகிப் பார்ப்பாள். வேலை நாளில் சென்ட், பவுடர் எதுவும் கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான். கல்யாணமான புதிதில் நான் ஆசையாக வாங்கித் தந்த சென்ட் பாட்டில் இன்னும் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

இவளுடைய அக்கா வீட்டுக்குப் பின்னால் மர சாமான்களுக்குப் பாலிஷ் அடிக்கும் பட்டறை. ஜன்னலைத் திறந்தால் அக்கா மகளுக்கு இழுப்பு வந்துவிடும். எட்டு வயதுப் பெண். தெருவே சேர்ந்து மனுக் கொடுத்து, ஒரு வருஷம் நடையாய் நடந்த பிறகுதான் காற்றை அளக்க உத்தரவு வந்தது.

குழாய்களை வைத்து எடுத்து வருவது கள அலுவலர் வேலை. புதிதாக வந்தவர் படு ஒழுங்கு. குழாயிலேயே எண் பொறித்திருக்க, அது போதாதென்று ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் தெருப்பெயரை எழுதிக் கொண்டுவந்து வைத்தார். பாலிஷில் கலக்கும் தின்னர்தான் அந்த மையிலும். இவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். காற்றே இழுக்காத ஒப்பீட்டுக் குழாயை முதலில் சூடாக்கினாள். ஒன்றுமே இருக்கக்கூடாத அதிலும் தின்னர். எல்லாம் பாழ்.

அந்த ஒரு குழாயை மறைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நான்கூடச் சொன்னேன். என்னை முறைத்துவிட்டு, அறிக்கையில் 'செல்லாது' என்று தன் கையாலேயே எழுதினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடி அளக்க, விதிப்படி பட்டறைக்கு ஒரு வாரம் முன்பே நோட்டீஸ் போனது. அளந்த அன்று அங்கே ஒரு பாலிஷ் டப்பாகூடத் திறக்கவில்லை. பெருக்கித் துடைத்து வைத்திருந்தார்கள். இந்த முறை குழாயில் குறை இல்லை, மூடியில் குறை இல்லை. வந்த எண்ணை எழுதி இவள் கையெழுத்துப் போட்டாள்.

நாலு நாள் கழித்து அக்கா போன் பண்ணினாள்.

"பேப்பர் வந்துச்சுடி. காத்து நல்லா இருக்காம், உன் கையெழுத்துதான் இருக்கு. ஜன்னலைத் தொறக்கட்டுமா?"



"வேண்டாங்கா," என்றாள். "சாத்தியே வை."